ஒரே ஏர்கான், இரண்டு பிறந்தநாள்

வகுப்பறை நாற்காலி ஒன்றின் மேல் ஏறி நின்று, சுவரில் குளிரூட்டிக்கொண்டிருந்த ஏர்கானின் அடிவயிற்றைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே என் தோழி வாசுகி நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

"விழுந்து வைக்காத ரெஜி. அடுத்த மாசம் நான் கிளாஸ் ஆரம்பிக்கணும்" என்றாள்.

அவளுடைய கவலை என் எலும்பைப் பற்றியதா, வகுப்பைப் பற்றியதா என்று நான் கேட்கவில்லை. உயர்நிலைப் பள்ளியிலிருந்து தொடரும் நட்பு. சில கேள்விகளைக் கேட்காமல் விட்டதால்தான் அது இன்னும் தொடர்கிறது.

சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து. அங்கே ஒரு பழைய கடைவீட்டின் மாடி. கீழே மசாலாக் கடை என்பதால் படியேறும்போதே மல்லித்தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும். மாடியில் இரண்டு அறைகள். படியை ஒட்டிய அறையில் சாந்தா என்ற பெண்மணி அழகு நிலையம் நடத்திவந்தார். அடுத்த அறையில் அருணாசலம் சாரின் தமிழ்த் துணைப்பாட வகுப்பு.

அந்த அருணாசலம் சார்தான் வகுப்பை மூடிவிட்டு பெர்த்தில் இருக்கும் மகளிடம் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். மனைவி இறந்தபின் தனியாக இருந்தவர். மகள் பல நாளாகக் கூப்பிட்டு, கடைசியில் விமானச் சீட்டையே எடுத்து அனுப்பிவிட்டாள். அறையை அப்படியே, நாற்காலி, விளக்கு, ஏர்கானோடு எடுத்துக்கொள்ள ஆள் தேடினார். வாசுகி பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவள். அவள் ஆடிக்கொண்டிருந்த இடம் கைவிட்டுப் போய், பிள்ளைகளை எங்கே ஆட வைப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். இந்த அறை அவளுக்குக் கிடைத்த வரம்.

வரத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. சலங்கைச் சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று கட்டட உரிமையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சன்னல்களை மூடித்தான் ஆட வேண்டும். மூடிய அறையில், நம் ஊர் வெயிலில், இருபது பிள்ளைகள் ஒரு மணி நேரம் தட்டடவு போட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஏர்கான் நன்றாக ஓடினால் வகுப்பு உண்டு. படுத்தால் வகுப்பும் படுக்கும்.

அருணாசலம் சார் மறைக்காமல் சொல்லிவிட்டார், ஏர்கான் வாங்கிப் பத்து வருடமாகிறது என்று. ஆனால் அறையோ மீன் கடைப் பனிப்பெட்டி மாதிரி குளிர்ந்தது. அதுதான் வாசுகிக்கு உறுத்தியது. பத்து வருட மெஷின் இப்படியா குளிரும்? எங்கோ இடிக்கிறதே என்று, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

எழுத்தில் ஒளிந்த ஆண்டு

ஏன் என்னை என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்கலாம். ஜூரோங்கில் ஓர் ஏர்கான் நிறுவனத்தில் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். வீடு பாசிர் ரிஸ்ஸில். அதாவது தினமும் தீவின் ஒரு முனையில் எம்ஆர்டி ரயில் ஏறி, தூங்கி விழித்து, மறுபடி தூங்கி, இன்னொரு முனையில் இறங்கி, அங்கிருந்து கம்பெனிப் பேருந்து. இப்போது நானும் என் கணவர் ஜோசப்பும் சொந்தமாக ஏர்கான் சர்வீஸ் நடத்துகிறோம். அவர் கழற்றுவார், மாட்டுவார். நான் பேசுவேன்.

தொலைபேசி வேலையில் நான் முதலில் புரிந்துகொண்டது, தன் வீட்டு ஏர்கானின் வயது யாருக்கும் தெரியாது என்பதுதான். பொய் சொல்வதில்லை, பாவம். பிள்ளைகள் வளர்வது தெரிகிற மாதிரி சுவரில் தொங்குகிற பெட்டிக்கு வயதாவது தெரிவதில்லை. "இப்பதான் லா வாங்கினோம்" என்று நம் ஊர் 'லா' சேர்த்துச் சொல்வார்கள். உதிரிபாகம் தேடப் போனால் அந்த மாடலையே நிறுத்தி வெகுகாலம் ஆகியிருக்கும்.

அதனால் வரிசை எண்ணை வாசிக்கச் சொல்வோம். உள்ளே சுவரில் இருக்கும் பெட்டியிலும், வெளியே தொங்கும் கம்ப்ரெசர் பெட்டியிலும் ஒவ்வோர் எண் இருக்கும். பிறந்த தேதி அதற்குள்தான் ஒளிந்திருக்கும். சில நிறுவனங்கள் முதல் இரண்டு இலக்கத்தில் ஆண்டையும் அடுத்த இரண்டில் வாரத்தையும் வைக்கும். சில, ஆண்டின் கடைசி இலக்கத்தை மட்டும் வைக்கும். அப்போது எட்டு என்றால் எந்தப் பத்தாண்டின் எட்டு என்று தெரியாது. உள்ளே ஓடும் வாயுவின் பெயரையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும், பழைய மெஷின்களில் ஒன்று, புதியவற்றில் வேறொன்று என்பதால். இன்னும் சில நிறுவனங்கள் ஆண்டுக்கு ஓர் ஆங்கில எழுத்து வைக்கும். அதில் ஐ என்ற எழுத்தும் ஓ என்ற எழுத்தும் வராது. ஒன்று, பூஜ்யம் என்று குழம்பிவிடும் அல்லவா.

எண்ணை வாசிக்கச் சொன்னால் மக்கள் எதையெல்லாம் வாசிப்பார்கள் என்று தனியாக ஓர் அத்தியாயமே எழுதலாம். ரிமோட்டின் பின்பக்கத்தை வாசிப்பார்கள். மின்சாரம் சேமிப்பதற்கான நட்சத்திரங்களை எண்ணிச் சொல்வார்கள். ஒருவர் தன் அடையாள அட்டை எண்ணையே மடமடவென்று ஒப்பித்துவிட்டு, அது எப்படி உங்களுக்கு உதவும் என்று என்னிடம் கேட்டார்.

ஒருமுறை கணவனும் மனைவியும் ஒரே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். கல்யாணத்துக்கு அவர் வாங்கிக்கொடுத்த ஏர்கான் என்று மனைவி பெருமையாகச் சொன்னார். நானும் யோசிக்காமல், இது உங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருடம் முந்தியது என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் ஏர்கான் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு வயதைச் சொல்வதற்கு முன் எதற்குக் கேட்கிறீர்கள் என்று விசாரித்துக்கொள்வேன்.

இந்தப் பழக்கம் போகவே இல்லை. சைனாடவுனில் ஒரு கல்யாண விருந்துக்குப் போனால், மணமக்களோடு படம் எடுக்க வரிசையில் நிற்கும்போதே என் கண் மேலே ஸ்டிக்கரைத் தேடும். ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்கம் செய்யும்போது தேவாலயக் கூரையைப் பார்த்து நான் உருகி நிற்பதாக ஒரு பாட்டி நினைத்துக்கொண்டிருந்தாராம். என் மகள்தான் பின்னாலிருந்து முதுகைக் கிள்ளுவாள்.

கே, எல், எம், என்

நாற்காலியிலிருந்து இறங்கி, எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்பெட்டியின் எண் கே என்ற எழுத்தில் தொடங்கியது. ஆண்டுக்கு ஓர் எழுத்து வைக்கும் நிறுவனம். கே என்றால் பத்து வருடம். அருணாசலம் சார் சொன்னது அச்சு அசல் உண்மை.

அவர் ஓரமாக நின்று, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனைப் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள் சார் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. வெளியே இருப்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன் என்றேன்.

இந்தப் பழைய கடைவீடுகளின் பின்னால் இரும்புச் சுழல் படிக்கட்டு இருக்கும். அதில் நின்றால் பின்சுவரில் மாட்டியிருக்கும் இரண்டு வெளிப்பெட்டிகளும் கைக்கெட்டும் தூரம். இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே அளவு. ஒன்று சாருடையது, மற்றது பக்கத்து சாந்தாவுடையது. சாரின் சன்னலுக்கு அருகில் இருந்த பெட்டியின் எண்ணை வாசித்தேன். ஆர் என்ற எழுத்தில் தொடங்கியது.

விரல் விட்டு எண்ணினேன். கே, எல், எம், என். ஓ கிடையாது. பி, க்யூ, ஆர். உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது ஆறு வருடம் இளையது.

இது நடக்காத விஷயமில்லை. வெளிப்பெட்டி கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றுபவர்கள் உண்டு. சார், கம்ப்ரெசரை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் மாற்றவே இல்லை என்றார். எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அடுத்த பெட்டியின் பக்கம் குனிந்தேன்.

அதன் தகட்டில் அச்சு வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. எண்கள் மட்டும் தகட்டில் குத்தி எழுதப்பட்டிருந்தன. ஆனால் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மாவு மாதிரி ஏதாவது தடவினால் பள்ளத்தில் எழுத்து தெரியும் என்றேன். வாசுகி கைப்பையைத் திறந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். ஞானஸ்நானம் பெற்ற என் விரலால் கம்ப்ரெசருக்குத் திருநீறு பூசினேன். வெள்ளையாக எழுந்து நின்ற முதல் எழுத்து, கே.

எந்தப் பெட்டி யாருடையது என்பதில் தவறு வந்துவிடக்கூடாது என்று, சாரை உள்ளே போய் அவர் ஏர்கானை நிறுத்தச் சொன்னேன். ஆர் நின்றது. போடச் சொன்னேன். ஆர் ஓடியது. பக்கத்து அறைக்காக கே மட்டும் விடாமல் முனகிக்கொண்டே இருந்தது.

ஆக, சாரின் பழைய உள்பெட்டிக்கு ஒரு புது வெளிப்பெட்டி வேலை செய்துகொண்டிருந்தது. பக்கத்து அறை சாந்தாவுக்கு சாரின் பழைய வெளிப்பெட்டி.

பின்படிக்கட்டில்

அருணாசலம் சார் திரும்பி வந்து, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்த இரும்புப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக நினைவு வந்தது அவருக்கு.

மூன்று வருடத்துக்கு முன்னால் பின்சுவரைப் பூசி வண்ணம் அடித்தார்கள். அப்போது இரண்டு பெட்டிகளையும் கழற்றிக் கீழே வைத்து, வேலை முடிந்ததும் மறுபடி மாட்டினார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் இடம் மாறிவிட்டது. அதற்குப் பிறகுதான் தன் அறை அப்படிக் குளிர ஆரம்பித்தது என்றார். நன்றாகக் கழுவி மாட்டியிருக்கிறார்கள், நல்ல பையன்கள் என்று நினைத்துக்கொண்டாராம். சில நாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திருக்குறள் நடத்தியிருக்கிறார்.

அதே நேரத்தில்தான் சாந்தாவோடு சண்டையும் தொடங்கியிருக்கிறது.

அதுவரை இரண்டு பேரும் நல்ல அண்டை அயலார். சாரின் மனைவி இறந்த சமயத்தில், மதியம் தவறாமல் ஒரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனவர் சாந்தா. சுவர் வேலை முடிந்த பிறகு சாந்தாவின் அறை புழுங்க ஆரம்பித்தது. புதுக் கடைக்குப் புது ஏர்கான் போட்டிருந்தவர். சர்வீஸ் ஆட்கள் வந்து வாயுவை நிரப்பிவிட்டுப் போனார்கள். புழுக்கம் போகவில்லை. மணப்பெண்ணுக்குப் போட்ட ஒப்பனை கழுத்துவரை வழிந்திருக்கிறது. சாரின் பெட்டியை மிக அருகில் மாட்டிவிட்டார்கள், அதன் அனல்தான் தன் பெட்டியைக் கெடுக்கிறது என்று சாந்தா முடிவுகட்டினார். தள்ளி மாட்டச் சொன்னார். சார் மறுத்தார். ஒருநாள் மாணவர்களின் பெற்றோர் முன்னால் வார்த்தை முற்றியது. அதோடு சாப்பாடும் பேச்சும் நின்றுபோயின.

சார் இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பின்சந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விமானம் ஞாயிற்றுக்கிழமை. அன்று வியாழன்.

வாசுகி என்னைச் சற்று மேலே இழுத்துப்போய்க் காதருகே பேசினாள்.

"ரெஜி, இத அப்படியே விட்டுட்டா யாருக்கும் தெரியாது, இல்ல?"

அவளுக்கு இருபது பிள்ளைகள். மூடிய சன்னல். நன்றாக ஓடும் பெட்டி இப்போது அவள் அறைக்குத்தான் ஓடுகிறது. மாற்றினால் அந்த முனகல் பெட்டி அவளுக்கு வரும். என் தோழியாக நான் என்ன சொல்வது?

அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "முடியாது லா. சுவத்துக்கு அந்தப் பக்கம் அவங்க வேர்த்துக்கிட்டு இருப்பாங்க, நான் இந்தப் பக்கம் நின்னு தாளம் போடுறதா?"

நாங்கள் கீழே இறங்குவதற்குள் சார் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நானே போய்ச் சொல்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் கூட வாருங்கள் என்றார். எழுத்துக் கணக்கை அவரால் விளக்க முடியாதாம்.

கதவைத் தட்டியபோது

சாந்தா கதவைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் மருதாணிக் கூம்பு. பின்னால் மேசை மின்விசிறி ஒன்று, தரை மின்விசிறி ஒன்று, ஏர்கானும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் நெற்றியில் வியர்வை. சாரைப் பார்த்ததும் முகம் இறுகியது.

சார் முன்னுரை எதுவும் சொல்லவில்லை. அவருக்கே உரிய ஆசிரியர் குரலில், வரிசையாக, நடந்ததைச் சொன்னார். சுவர் வேலை, இடம் மாறிய பெட்டிகள், கே, ஆர். நான் இடையில் ஓ என்ற எழுத்து ஏன் வராது என்பதை மட்டும் சொன்னேன். அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

சாந்தா மருதாணிக் கூம்பைக் கீழே வைத்தார். உள்ளே போய்த் தன் ஏர்கானை அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்தார்.

"சார், அப்ப மூணு வருஷமா நான் திட்டினதெல்லாம் யாரை?"

"என்னைத்தாம்மா. ஆனா குளிர் என் பக்கம் இருந்ததால எனக்கு அவ்வளவா உறைக்கல."

சாந்தாவின் வாய் முதலில் சிரிக்க மறுத்தது. அப்புறம் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஒப்பனைக்காரர் அல்லவா, மை கலையாமல் விரல் நுனியால் ஒற்றிக்கொள்ளத் தெரிந்திருந்தது. சிரிப்பு அடங்கியபோது இரண்டு பேருமே ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு சாந்தா, சாப்பிட்டீங்களா என்று கேட்டார். மணி நாலு. சார் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். மதியத்திலிருந்து எங்களோடுதான் இருந்தார், எதுவும் சாப்பிடவில்லை என்று வாசுகி போட்டுக்கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை

மறுநாளே மாற்றிவிட ஜோசப்புக்கு நேரமில்லை. சனிக்கிழமை காலையில் ஏணியோடு வந்தார். பெட்டிகளை இறக்குவதற்கு முன்னால், பழைய பெட்டியின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். காற்று போக வேண்டிய மெல்லிய தகடுகளின் இடுக்கெல்லாம் சிமெண்டுத் தூளும் வண்ணமும் அடைத்துக் காய்ந்து கிடந்தன. வாயு நிரப்ப வந்தவர்கள் யாரும் பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்கவில்லை.

"இதுக்கு வயசாகல ரெஜி. மூச்சு முட்டுது, அவ்வளவுதான்" என்றார் ஜோசப்.

வயதைக் கண்டுபிடித்ததில் எனக்கிருந்த பெருமை அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. அவர் ஒரு பிரஷ்ஷும் தண்ணீரும் மருந்தும் வைத்துக்கொண்டு காலை முழுவதும் அந்தத் தகடுகளோடு மல்லுக்கட்டினார். சிமெண்டு கரைந்து சாம்பல் நிறத்தில் பின்சந்துக்கு ஓடியது. மதியத்துக்குள் இரண்டு பெட்டிகளும் தங்கள் தங்கள் அறைக்குத் திரும்பின.

சாரின் அறையில் முதலில் போட்டோம். கே பெட்டி இப்போது முனகவில்லை. பழைய பனிப்பெட்டிக் குளிர் இல்லை. ஆனாலும் மூடிய அறையில் வாசுகி ஒரு முழு அலாரிப்பை ஆடி முடித்துவிட்டு, மூச்சு வாங்கினாலும் வேர்க்கவில்லை என்று அறிவித்தாள். சார் கை தட்டினார். ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த வகுப்பு இன்றும் அங்கே நடக்கிறது. கே பெட்டி அதற்குப் பிறகும் நன்றாகவே உழைத்துவிட்டுத்தான் ஓய்வுபெற்றது.

சாந்தாவின் அறையில் போட்டபோது, அவர் வாடிக்கையாளர் உட்காரும் சாய்வு நாற்காலியில் தானே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மின்விசிறிகளை அணைத்துவிட்டோம். குளிர் மெதுவாக இறங்கியது. கீழே மசாலா அரைக்கும் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு சாப்பாடு. சாந்தா காலையிலேயே சமைத்துக் கொண்டுவந்திருந்தார். ஐந்து பேரும் அழகு நிலையத்தில், பெரிய கண்ணாடிக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து, நாங்கள் சாப்பிடுவதை நாங்களே பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். மீன் குழம்பு. சார் மூன்றாவது முறை சோறு வாங்கியபோது அவர் கைப்பேசி அடித்தது. பெர்த்திலிருந்து மகள். நாளை விமானத்துக்குப் பெட்டி கட்டிவிட்டீர்களா என்று அவள் கேட்பது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

சார் சாந்தாவைப் பார்த்தார். சாந்தா அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

"ஒரு வாரம் கழிச்சு வரேம்மா" என்றார் சார். "இங்க பக்கத்துக் கடையில கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."